எப்படிப்பட்ட வலி

கிரிம்ஸ்பியில் மீன் வெட்டுகிறாள்
லாட்வியாக்காரி ட்ஸின்ட்ரா.
ஐஸ் பெட்டி அட்டையில் நாளுக்கொரு சொல்,
மார்க்கரால்.
லுகூப்ரியஸ்: செத்த காட் மீனின் வாய்.
காஸமர்: கத்தியோடு ஒட்டி வரும் சவ்வு.
மேஸ்திரி டெரிக்குக்கு இரண்டும் தெரியாது,
பிறந்ததிலிருந்து பேசுவது ஆங்கிலம்தான்.

தோள்பட்டைக்காக டாக்டரிடம் போனாள்.
“எப்படிப்பட்ட வலி?
குத்துகிறதா, கடுக்கிறதா?”

யோசித்து,
“கிரெபஸ்குலர்” என்றாள்.

கீபோர்டு நின்றது.

அந்தியிலும் விடியலிலும் மட்டும் வரும்,
வௌவால் மாதிரி, என்றாள்.
எழுத்துக்கூட்டச் சொன்னார்.
ஓர் எழுத்தும் சிந்தாமல் சொன்னாள்.
பிறகு அவர்
படிவத்திலிருந்த நான்கு கட்டங்களில்
‘மந்தமான வலி’யில் டிக் அடித்தார்.

திரும்பும் பஸ்ஸில்
மூன்றரைக்கே மங்கத் தொடங்கியது
டிசம்பர்.
தோள்
சொன்ன சொல் தவறவில்லை.