செவ்வாய்க்கிழமைக் காசு

கொப்பியின் முன்பக்கம் தடுப்பூசிக் கணக்கு.
பின்பக்கம் என்னுடையது.
குஞ்சம்மாவின் இரண்டு காப்பு, மூன்றாம் வருடத்திலிருந்து அடைவில்.
மடிக்கணினி, சுவிஸ் மாமாவின் காசு;
"ஆறுதலாத் தா" என்றவர்
போன மாதம் ஆறுதலாக நினைவூட்டினார்.
பேராதனையில் அறை வாடகை, சோறு, ஒரு போர்வை:
அம்மா ஏழு பெண்களோடு சேர்ந்து
கையெழுத்து வைத்த குழுக்கடன்.
படிப்பு இலவசம் என்பது உண்மைதான்.
படித்தவளுக்குத்தான் பசித்தது.

வட்டி குட்டி போடும் என்பார்கள்.
நான் கண்ட பிரசவங்களில்
சிக்கலில்லாதது அது ஒன்றுதான்.
கையை உள்ளே விட்டுத் திருப்பத் தேவையில்லை,
நஞ்சுக்கொடி தங்குவதில்லை,
வாராவாரம், தலைப்பக்கமாக, உயிரோடு வரும்.

ஒட்டுசுட்டானில் வேலை கிடைத்தது.
மோட்டர்சைக்கிள் லீசிங்கில்.
மூன்று தவணை பிந்தினால் வந்து தூக்குவார்களாம்.
அதற்குப் பிறகு நான்
சொல்லுக்குச் சொல் கால்நடை வைத்தியர்.

மடிவீக்கம் படிப்பித்தார்கள்.
குடல் எத்தனை முழமென்று படிப்பித்தார்கள்.
"எவ்வளவு டொக்டர்?" என்று ஒருவர் கேட்கையில்
முகத்தை எங்கே வைப்பதென்று
யாரும் படிப்பிக்கவில்லை.
முதல் மாதம் முழுக்க "இருக்கட்டும்" என்றேன்.
பதினான்கு இருக்கட்டும்.
பதினைந்தாவது வீட்டுக்குப் போகப் பெற்றோல் இருக்கவில்லை.
கற்சிலைமடுத் தவமலரக்கா
"வாயில்லாச் சீவனுக்கும் காசோ பிள்ளை" என்று
ஒரு முட்டி தயிர் தந்தா.
நல்ல தயிர்.
லீசிங்காரர் தயிர் எடுப்பதில்லை.

பிறகு அந்த ஞாயிறு இரவு, மழை, ஒரு மணி.
முத்தையன்கட்டு வீதியில் யானை நின்றது.
வெளிச்சத்தை அணைத்துவிட்டு
அது போகும்வரை
அடுத்த தவணைத் திகதியை நினைத்துக்கொண்டு நின்றேன்.
பயத்துக்கும் ஒரு வரிசை இருக்கிறது.

கொட்டிலில் டோர்ச் பிடித்தவன் நிரோஜன்.
செவ்வாய்தோறும் நீலச் சேட்டுடன்
அம்மாவின் குழுவில் காசு எண்ணுகிறவன்.
அந்தப் பசு அவன் கடனில் வாங்கியது,
வேறு கொம்பனியில்.
கண்டு தலையைப் பின்னுக்கு மடித்துக்கொண்டிருந்தது.
தோள்வரை சவர்க்காரம், கயிறு, ஒன்றரை மணித்தியாலம்.
பசு ஒருதரம் என் கையை நெரித்தது,
விட்டது.
வழுக்கிக்கொண்டு வந்து விழுந்ததன் மூக்கை வைக்கோலால் கிண்டினேன்.
தும்மியது.
தொப்புளுக்கு அயடீன்.

"எவ்வளவு டொக்டர்?"
கையைக் கழுவாமலே சொன்னேன்,
இலக்கத்தை முழுதாக, முதன்முறையாக:
நாலாயிரத்து ஐந்நூறு.
குரல் நடுங்கவில்லை என்று நினைக்கிறேன்.
அவன் விலை பேசவில்லை.
கேட்டு வாங்குவதன் கூச்சம்
அவனுக்கும் தொழில்.

செவ்வாய்.
அம்மாவுக்குக் காய்ச்சல், அந்த வரிசையில் நான்.
என் முறை வந்தது.
கடைசி ஐந்நூறை நீட்டும்போதுதான் பார்த்தேன்:
மூலையில் மண்ணிறமாய் என் பெருவிரல்.
அவனும் பார்த்தான்.
இரண்டுதரம் எண்ணி, பையில் போட்டு,
துண்டு எழுதினான்.
ஒரு தவணை விட்டுத் தர அவனால் முடியாது;
பை அவனுடையதல்ல.
நான் கேட்கவுமில்லை.

"கண்டு குடிக்குதோ?"
"குடிக்குது டொக்டர்.
நாம்பன்தான்" என்றான்,
கடன்காரர்களுக்கு மட்டும் விளங்கும் குரலில்.
பின்னால் நின்ற பெண் இருமினாள்.
நகர்ந்தேன்.

இரவு கொப்பியைத் திருப்பி ஒரு கோடு கீறினேன்.
மீதி அறுபத்தொரு செவ்வாய்.
முன்பக்கத்திலிருந்து மாடுகள் வருகின்றன,
பின்பக்கத்திலிருந்து நான்.
நடுவில் இன்னும்
பதினெட்டுத் தாள் வெறுமையாய்க் கிடக்கிறது.