ஒரு வெட்டுக் கடன்

திங்கட்கிழமை த்ரியெஸ்தேயில்
முடிவெட்டும் கடைகள் திறப்பதில்லை.
நான் திறப்பேன். மாதம் ஒருமுறை, மாலை நான்கு மணிக்கு,
ஒரே ஒரு தலைக்காக.

துல்லியோ. வயது ஒன்பது.
நான்கு என்றால் நான்கு.
இரண்டு நிமிடம் முந்தி வந்துவிட்டால்
கதவுக்கு வெளியே நின்று
அந்த இரண்டையும் செலவழித்துவிட்டுத்தான்
உள்ளே கால் வைப்பான்.

முதன்முதல் வந்தது ஒரு சனிக்கிழமை.
வானொலி பாட, உலர்த்தி இரைய,
மூன்று நாற்காலியிலும் ஆள்.
மெஷினை அவன் காதருகே கொண்டுபோனேன்.

துறைமுகத்தில் கப்பல் சங்கு ஊதினால்
இந்தத் தெருவில் ஒருவரும் திரும்புவதில்லை.
அன்று எதிர்த்த ரொட்டிக்கடைக்காரி
மாவுக் கையோடு ஓடிவந்தாள்.

"ரெண்டு போட்டால் அடங்குவான்"
என்றார் ஃபுர்லான்.
தலையில் ஒன்றுமில்லாமலே
வாரம் தவறாமல் வருகிறவர்.
அழுகை சட்டென்று நின்றது.
அவர் தலையையே பார்த்தான்.
"உங்களுக்கு இங்கே என்ன வேலை?"

நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.
அவன் நக்கலடிக்கவில்லை,
தெரியாததால் கேட்டான்.

மறுவாரம் அவன் அம்மா நீவெஸ்
தனியாக வந்தாள், மன்னிப்புக் கேட்க.
கேட்டுக் கேட்டே தேய்ந்த குரல்.
பள்ளியில் திமிர் என்றார்களாம்,
மாமியார் செல்லம் என்றாளாம்,
இப்போது டாக்டர் ஒருவர்
ஆஸ்பெர்கர் என்கிறாராம்.
"பெயர் கிடைத்த ராத்திரி அழுதேன்.
விடிந்து பார்த்தால் அதே பிள்ளை,
அதே சதுரமாக ரொட்டியைக் கடித்துக்கொண்டு.
சட்டைகளை எடுத்துவைத்து உட்கார்ந்தேன்.
கழுத்துப்பட்டையில் தைத்த துணிச்சீட்டுகளை
ஒவ்வொன்றாக வெட்டி எறிந்தேன்.
அஞ்சு வருஷமாகக் குத்தியிருக்கிறது.
அடம் என்று நினைத்தேன் நான்."

எனக்குத் தெரிந்தது முடி மட்டும்.
ஆனாலும் திங்கள் வரச்சொன்னேன்.
மெஷின் இல்லை, கத்தரி.
தண்ணீர் தெளிப்பதில்லை.
போர்வையைக் கழுத்தில் இறுக்குவதில்லை.
எது செய்தாலும் முன்கூட்டிச் சொல்லிவிட்டு.

"எத்தனை வெட்டு?" என்றான்.
வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: இருநூறு.
பிறகு மேலே கை காட்டினான்:
"அது கத்துகிறது."
ட்யூப்லைட்.
பதினோரு வருஷம் அதன் கீழே நின்றிருக்கிறேன்,
ஒரு சத்தமும் கேட்டதில்லை.
அணைத்தேன். ஜன்னல் வெளிச்சம் போதும்.

கண்ணாடியில் என் கண்ணைப் பார்க்கமாட்டான்.
பார்க்காமலே நிறையச் சொல்வான்,
எல்லாம் காற்றைப் பற்றி.
மலையிலிருந்து கடலுக்கு இறங்கும் போரா,
எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டர் வேகம்,
எந்தத் தெருமுனையில் எத்தனை குடை செத்தது.
ஊரே சபிக்கிற காற்றை
உறவுக்காரன் மாதிரி விசாரிப்பான்.
பேசிக்கொண்டே வெட்டையும் எண்ணுவான்.
எப்படி என்று நான் கேட்டதில்லை.

பிப்ரவரியில் தப்பு செய்தேன்.
இருநூறு முடிந்த பின்னும்
காதோரம் ஒரு முடி துருத்திக்கொண்டு நின்றது.
தொழில் புத்தி.
இருநூற்றொன்று.

நாற்காலிக்குக் கீழே போய்விட்டான்.
காதைப் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடினான்.
நான் வாயைத் திறக்க,
நீவெஸ் உள்ளங்கையைக் காட்டினாள்: பேசாதே.
இருவரும் தரையில் உட்கார்ந்தோம்,
பாவாடையெல்லாம் அவன் முடி.
வெளியே போரா ஷட்டரைப் போட்டு உலுக்கியது.
இருபது நிமிடம் இருக்கும்.
பிறகு கீழேயிருந்து ஒரு குரல்:
"நூற்று முப்பத்தொன்று."
காற்றைத்தான் சொன்னான்.
வெளியே வரவில்லை இன்னும். ஆனால் சொன்னான்.

மார்ச்சில் நூற்றுத்தொண்ணூற்றொன்பதில்
கத்தரியைக் கீழே வைத்தேன்.
காத்திருந்தான்.
உதடு மட்டும் அசைந்து கணக்குப் பார்த்தது.
"சரி," என்றான்,
"இப்போது கடன் இல்லை."

ஃபுர்லான் இன்னும் வருகிறார்.
ட்யூப்லைட்டை மாற்றியாயிற்று,
புதிதும் கத்துகிறது.
சனிக்கிழமை, கடை நிறைந்து
ஆளுக்கொரு பக்கம் பேசும்போதும்
எனக்கு இப்போது கேட்கிறது.