வெள்ளிநிற வியோஸின் கடைசி உரிமையாளருக்கு

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது.
டேஷ்போர்டுப் பெட்டியில் இருந்தது
ஒரு குடையுறை, நமத்துப்போன புதினா மிட்டாய்,
அப்புறம் 'கிளாரிஸ்' என்று பெயர் ஒட்டிய
தண்ணீர் போத்தல் மூடி ஒன்று.

சுங்கை காடுட்டில், மழை விட்ட செவ்வாய்க்கிழமை,
நசுக்கும் எந்திரத்துக்கு முன்னால்
ஏழாவதாக நின்றது உங்கள் வண்டி.
பத்து வயது முடிந்திருந்தது.
அது ஒன்றுதான் அதன் நோய்.
கதவைச் சாத்தினால் புதுக் கதவின் சத்தம்.

என்னுடையது கொரோலா, எழுபத்தொன்றில் பிறந்தது,
என்னைவிட மூன்று வயது மூப்பு.
நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்.
ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறப்பதுபோல்
இரண்டு முறை மிதித்துவிட்டு
மூன்றாவதில்தான் கேட்க வேண்டும்.
சிவப்பு விழுவதற்கு முன்பே
நிற்க நினைத்திருக்க வேண்டும்.

ஹைரில் முதலில் முடியாது என்றான்.
உங்கள் வட்டில் துளைகள் நூறு மில்லிமீட்டர் வட்டத்தில்,
என் ஹப்பில் நூற்றுப்பத்து.
"பத்துதான்," என்றான். கொஞ்சம் கழித்து,
"ஆனால் பத்து."
வட்டில் புதிதாகத் துளையிட்டான்.
காலிப்பரைத் தாங்க இரும்புத் தகட்டில் ஒரு பிடி வெட்டினான்;
முதலாவது பொருந்தவில்லை, இரண்டாவது உரசியது.
என் பன்னிரண்டு அங்குலச் சக்கரங்களுக்குள்
உங்கள் பிரேக் நுழையாது என்பது
அதற்குப் பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.
இரண்டு மாதம் ஜாக்கி மேல் நின்றது வண்டி.
பொறியாளர் கடிதத்துக்கு இன்னொரு மாதம்.

இந்த மாதிரிக் கடிதம் எனக்குப் புதிதல்ல.
ஈராண்டுக்கு முன் மருத்துவமனையில் தாள் கொடுத்தார்கள்.
பெயர் கூடாது. பேட்டை கூடாது. மதம் கூடாது.
நன்றி எழுதலாம்.
மாதிரி வாக்கியங்கள்கூடப் பின்பக்கம் இருந்தன.
'அன்புள்ள குடும்பத்தினருக்கு' வரை எழுதினேன்.
சமையலறை இழுப்பறையில்
தண்ணீர்க் கட்டண ரசீதுகளுக்கு அடியில் கிடக்கிறது.

அடிவயிற்றின் வலப்பக்கம்
அது தன் பாட்டுக்கு வேலை செய்கிறது.
காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும் மாத்திரை,
வந்திருப்பது யார் என்று
என் உடம்பு விசாரிக்காமல் இருக்க.

உங்கள் பிரேக்குக்கு அதெல்லாம் வேண்டியிருக்கவில்லை.
குழாயில் காற்றுக் குமிழி தீரும்வரை
அடியில் படுத்துக்கொண்டு அவன் கத்தினான்,
தெக்கான், லெப்பாஸ், தெக்கான்.
நான் மிதித்தேன், விட்டேன், மிதித்தேன்.

முதல் ஓட்டத்தில் பழைய பலத்தோடு மிதித்து
வண்டி தலைகுப்புறக் குனிந்தது.
பின்னிருக்கைச் சாப்பாட்டுப் பொட்டலம் கியர் மேல்.
நிற்கப் பழகியிருந்தது வண்டிதான்;
என் கால் இன்னும் மூன்று வாரம் எடுத்துக்கொண்டது.

பிறகு லிம் சூ காங்கில், கல்லறைகள் தாண்டி,
ஈரச் சாலையில் குறுக்கே ஓர் உடும்பு.
மிதித்தேன். ஒரே மிதி. நின்றது,
வாலுக்கும் பம்பருக்கும் நடுவே இரண்டு முழம்.
தொடக்கநிலை ஐந்தில் மரபுத்தொடர்ப் பயிற்சியில்
'உடும்புப்பிடி'யை வைத்து வாக்கியம் அமைத்து
அரை மதிப்பெண் இழந்தவள் நான்.
அது நாக்கை நீட்டிக் காற்றைத் தொட்டுப் பார்த்தது.
அவசரமே இல்லாமல் புல்லுக்குள் போனது.
பின்னால் வந்த லாரி ஹாரன் அடிக்கும்வரை
நான் காலை எடுக்கவில்லை.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன்.
உங்கள் பேடுகளில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது.
இரண்டு பக்கமும் ஒரே அளவுத் தேய்மானம்.
முன்கூட்டியே காலை வைக்கிறவர் நீங்கள்,
கிளாரிஸ் பின்னால் தூங்கியிருக்கலாம்.
புதிது போடலாம் என்றான் ஹைரில்.
இருக்கட்டும் என்றேன்.

மூடி என்னிடம்தான் இருக்கிறது.
கழுவி வைத்திருக்கிறேன்.
போத்தலை நீங்கள் இன்னும் எறியவில்லை என்றால்