பல் தேய்ந்தவை

ஏரியின் அடிச்சேற்றைச் சல்லடையில் கழுவினால்
மிஞ்சுவது தலைகள்.
கொசுவல்ல, கொசு மாதிரி ஒன்றின் புழுத்தலைகள்;
மிளகுத்தூளைவிடச் சின்னவை,
என் பாட்டனின் பாட்டன் பிறக்குமுன் செத்தவை.

இரண்டாம் ஆண்டு மாணவி நான், லேலோ.
கோடை முழுக்க எண்ணுவது வேலை.
சம்பளம் மதியச் சூப்புக்குச் சரியாகப் போகிறது.
சாரெமா தீவில் நீந்தும் தோழிகள்
படம் படமாக அனுப்புகிறார்கள்.

இருபத்தாறாம் சென்டிமீட்டரில்
வெப்பம் விரும்பும் இனமொன்று திடீரெனப் பெருகியது.
பதினேழு தலைகள்!
ஆய்வேட்டை முடிக்கத் தவிக்கும் ரைவோ
வரைபடத்தில் கோடு எழும்பியதும்
நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினான்.
அன்றிரவு நான் தூங்கவில்லை.
ஜூலை மாதத் தார்த்துவில்
இரவென்று சொல்லவும் பெரிதாக ஒன்றுமில்லை.

ஆகஸ்டில், வேறெதற்கோ,
முப்பத்தெட்டாம் தகட்டை மீண்டும் வைத்தேன்.
தாடையின் நடுப்பல் மழுங்கியிருந்தது.
மண்ணைக் கடித்துக் கடித்துத் தேய்ந்த பல்.
வேறு இனமில்லை;
குளிரில் வாழும் அதே பழைய புழு,
கிழடு.
மற்றவற்றையும் பார்த்தேன்,
பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று நினைத்தபடி.
பதினேழில் பதினான்கு.

குறிப்பேட்டு அட்டையில் அச்சிட்டிருக்கிறது:
அழிக்கக் கூடாது. ஒற்றைக் கோடு, தேதி, கையெழுத்து.
போட்டேன்.
கோட்டுக்கு அடியில் அந்தப் பதினேழு
முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது.

ரைவோ திரையைப் பார்த்தான்.
எழுந்து ஜன்னலைத் திறந்தான்,
மூடினான்.
"முப்பத்தொன்பது?" என்றான்.

எடுத்து வைத்தேன்.
குவியம் திருப்பத் திருப்ப
மங்கலிலிருந்து ஒரு தலை
மெல்ல
வாயைத் திறந்துகொண்டு வந்தது.