முப்பது மீட்டர் சதுரம்

செயற்கைக்கோள் எனக்குத் தருவது
முப்பது மீட்டர் சதுரங்கள்.
உள்ளே எது இருந்தாலும் ஒரே நிறம்.

வஜீராபாத் தொடங்கி ஓக்லா வரை
யமுனையை நாற்பதாயிரத்துச் சொச்சம் துண்டாக்கி
நீர், மணல், பயிர், கட்டடம் எனப் பெயரிட்டேன்.
முப்பது வருடத்தில் எது எதுவாய் மாறியதென்று கூட்டி
நாலுக்கு நாலு அணி ஒன்று செய்தேன்.
மணல் நீராவது நூற்றுக்கு இருபத்தொன்று.
நீர் மணலாவது பதினெட்டு.
எக்கர், துருத்தி, அறல்
என்று நான் படித்து வந்த சொற்களுக்கு
அணியில் இடமில்லை.

மார்ச்சில் சரிபார்க்கச் சில்லா காதருக்குப் போனேன்.
திரையில் பயிர்.
தரையில் வெள்ளரிக்கொடி, ஒரு கைபம்பு,
பதாயூனிலிருந்து வந்த ராம்ஸ்ரீயின் கூரை,
வெயிலில் காயும் இரண்டு பள்ளிச் சட்டை.

"இந்த வருஷம் தண்ணி ஏறுமா?"
"பத்தில் மூன்று."
"எதில் பத்து?"
இதே வருடம் பத்து முறை வந்தால், என்று ஆரம்பித்தேன்.
பிஞ்சிலிருந்த மண்ணை முந்தானையில் துடைத்தாள்.
"வருஷம் ஒண்ணு. ஜமுனாவும் ஒண்ணு.
மிச்ச ஒன்பதை யார் பார்த்தது?"

பதில் பாடப்புத்தகத்தில் உண்டு.
என் இந்தியில் இல்லை.
அவள் நீட்டிய பிஞ்சைக் கடித்தேன்.
கசக்கவில்லை.

ஆவணியில் நதி ஏறவில்லை.
கார்த்திகையில், மழையே இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை,
புல்டோசர் ஏறியது.
பிறகு புல்தரையைப் பாய்போல் சுருட்டிவந்து விரித்தார்கள்.
சிமெண்டு பெஞ்சு. நடைபாதை.
யமுனையைக் காப்போம் என்று ஒரு பலகை,
யமுனை தெரியாத உயரத்துக்கு வேலி.

புதிய படம் வந்தது.
அந்தச் சதுரம் போன வருடமும் பச்சை,
இந்த வருடமும் பச்சை.
பயிர் பயிராகவே இருக்கும் என்றிருந்தேன்;
சரி என்று குறித்துக்கொண்டது நிரல்.
மொத்தத் துல்லியம் ஒரு புள்ளி கூடியதற்கு
குல்ஷன் சார் எல்லோருக்கும் சமோசா சொன்னார்.

ராம்ஸ்ரீயின் எண் என் படிவத்தில் இருக்கிறது,
தகவல் தந்தவர் என்ற கட்டத்தில்.
இரண்டு முறை அழைத்தேன்.
இரண்டாம் முறை மணி அடித்தது.

கணித்ததற்கும் நடந்ததற்கும் நடுவே
மிஞ்சுவதை எச்சம் என்போம்.
அந்தச் சதுரத்துக்கு எச்சம்: சுழி.

ஒன்றுமில்லை என்பதற்கு மட்டுமல்ல,
ஆற்றில் ஆளை உள்ளே இழுப்பதற்கும்
எங்கள் மொழியில்
அதுதான் பெயர்.