நாற்பது கிலோ

பதினொன்றாம் இரவு.
ஔலு நகரத்தில் மைனஸ் இருபத்தாறு.
பனி தள்ளும் வண்டியை
மூடிக்கிடக்கும் மதுக்கடை எதிரே நிறுத்திவிட்டேன்.
எஞ்சின் நடுங்குகிறது. கை அதைவிட.

திறக்க இன்னும் ஆறு மணி நேரம்.
அந்தக் கணக்கு மட்டும் எனக்கு
ஒருநாளும் தப்பியதில்லை.

பஸ் டிக்கெட்டின் பின்புறம்
செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் எழுதிக் கொடுத்த எண்.
தூலிக்கி. ஆஸ்பத்திரிச் சமையற்கட்டில் இரவு வேலை.
அவள் முகம்கூடச் சரியாக நினைவில்லை.

"ரய்மோ" என்றேன்.
மேற்கொண்டு வாய் வரவில்லை.
"சரி, வைத்துவிடாதே.
நாற்பது கிலோ கிடக்கிறது எனக்கு."

போனை மேசைமேல் வைத்துவிட்டாள் போலும்.
உருளைக்கிழங்கின் தோலைக் கத்தி சீவும் சத்தம்.
பிறகு தண்ணீரில் தொப்பென்று ஒன்று.
சீவல்.
தொப்.
நடுவில் ஒரு தும்மல்.
தன் கதையைச் சொல்லவில்லை,
என் கதையைக் கேட்கவுமில்லை.

எப்போது கியர் போட்டேனோ.
கண்ணாடியில் பார்க்கிறேன்,
பாலம்வரை பாதை திறந்து கிடக்கிறது
எனக்குப் பின்னால்.

"இருக்கிறாயா?"
"இருக்கிறேன்."
"நாளைக்கு வியாழன், பட்டாணி சூப்.
பட்டாணி ஊறும்போது சத்தம் வராது.
நீதான் பேச வேண்டியிருக்கும்."