பொருள் ஒன்பது: பிற

மே மாதத்தில் எங்களுக்கு வருடம் பிறக்கிறது.
மேயர் வினிஃப்ரெட் தோர்ன்டைக்
பதவிச் சங்கிலியைக் கழுத்தில் ஏற்றிக்கொள்கிறார்.
கொக்கி தேய்ந்துவிட்டது.
பின்னால் நின்று ஊக்கு குத்துவது
குறிப்பெழுதும் என் வேலை.

ஹோல்ம்சீ நகர மன்றம்:
பன்னிரண்டு நாற்காலி, பதினோரு பேர்,
ஜன்னல் முழுக்க வடகடல்.
பொருள் ஒன்று, வந்தோர்.
பொருள் இரண்டு, வராதோர் கேட்கும் மன்னிப்பு.
கடல் இதுவரை எழுதிக் கேட்டதில்லை.

ஜூனில் கடற்காகங்கள்.
"தீனி போடாதீர்" என்று பலகை வைப்பதா,
"தயவுசெய்து" சேர்ப்பதா என்று
ஐம்பது நிமிடம்.
ஆறுக்கு ஐந்தில் வென்றது தயவு.
எதிர்த்த ஐவரில் ஆஸ்வின் ப்ளெங்கின் உண்டு;
எதையும் எதிர்ப்பார், இடது காது கேட்காது.
பலகை நட்ட மறுநாளே
தயவின் மேல் எச்சம்.

ஜூலை, ஆகஸ்ட்: குப்பைத்தொட்டி.

செப்டம்பரில் கணக்கு உதைத்தது.
வடக்குக் கரைச்சாலைக் கழிப்பறையை
நவம்பர் முதல் மார்ச் வரை பூட்டினால்
நாலாயிரத்து இருநூறு பவுண்டு மிச்சம்.
டில்லி ஹார்க்கர் முன்மொழிந்தார்.
யாரோ இருமினார்கள், அதை வழிமொழிதலாக எடுத்துக்கொண்டோம்.
"குளிர் வந்தா மூத்திரம் வத்திடுமா?"
என்று எழுந்து கத்தினார் ப்ளெங்கின்.
நான் எழுதினேன்:
உறுப்பினர் ப்ளெங்கின் கவலை தெரிவித்தார்.

இருபத்துநாலாம் எண் பஸ்ஸுக்கு அங்கேதான் கடைசி நிறுத்தம்.
காலை ஆறு ஐம்பதுக்கு யெவெட் ஓட்டிவருவாள்.
வண்டியைத் திருப்பிக்கொண்டு போகுமுன்
அவளுக்கு இருப்பது பதினோரு நிமிடம்.
அடுத்த கழிப்பறை பதினெட்டு மைலில்.
அந்தப் பதினோரு நிமிடத்துக்கு
நிகழ்ச்சி நிரலில் எண் கிடையாது.

டிசம்பர்ப் புயல் ஆறு கடற்கரைக் குடில்களைக் கொண்டுபோனது.
ஏழாவதைத் தெருவுக்கு நடுவே
கதவு மூடியபடி பத்திரமாக வைத்துவிட்டுப் போனது.
உள்ளே தேநீர்க் கெண்டி கவிழவில்லை.
கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தில் பாதி விளக்கு எரியவில்லை,
எரியாத பாதி எங்கள் பக்கம்.

ஜனவரியில் டில்லி ஒரு புகார் கொண்டுவந்தார்.
கழிப்பறை தினமும் விடியுமுன் திறக்கிறதாம்,
ஏழேகாலுக்குத் தானே பூட்டிக்கொள்கிறதாம்.
சாவி எத்தனை? மூன்று.
ஒன்று மேயரிடம், ஒன்று பராமரிப்பாளர் ரோவ்லியிடம்,
ஒன்று அலுவலக ஆணியில்.
யார் திறக்கிறார் என்பது தெரியவரவில்லை
எனப் பதிந்தேன், கையெழுத்து நடுங்காமல்.
மேலங்கிப் பையில் நாலாவது சாவி
தொடையில் சில்லென்று இருந்தது.

பிப்ரவரியில் ஒரு திமிங்கலக் குட்டி செத்து ஒதுங்கியது.
ஓதக் கோட்டுக்கு மேலே கிடந்தால் மாவட்டத்தின் பொறுப்பு,
கீழே கிடந்தால் அரசு நிலத்துறையின் பொறுப்பு.
அதுவோ ஓதத்துக்கு ஓதம் இலாகா மாறியது.
பதினாலு கடிதம் எழுதினேன்.
பதினைந்தாவதைத் தட்டச்சும்போது
கடல் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டது.
நாற்றம் மட்டும் மார்ச் வரை எங்கள் பொறுப்பில் இருந்தது.

மார்ச் கூட்டம்.
சென்ற கூட்டக் குறிப்புகள் உண்மையானவையா?
"வழிமொழிகிறேன்" என்றது ஒரு குரல்.
ஒன்பது ஆண்டில் முதல்முறை, ப்ளெங்கின்.
கலையும்போது என் மேசையருகே குனிந்தார்.
அவருடைய ரகசியம் அடுத்த அறைக்குக் கேட்கும்.
"பேப்பர் தீர்ந்து ரெண்டு நாளாச்சு."
கோட்டுக்குள்ளிருந்து நாலு சுருளை எடுத்து வைத்தார்.
டில்லி தன் கையுறையை வெகுநேரம் தேடினார்.
மேயர் கடலைப் பார்த்தார்.
நான் எழுதினேன்:
பொருள் ஒன்பது, பிற. எதுவுமில்லை.

மறுபடி மே. மறுபடி சங்கிலி.
கொக்கியை மாற்றப் போன வருடமே தீர்மானம் போட்டாயிற்று.
"இந்த வருஷமாவது எல்லாம் ஒழுங்காக நடக்குமா?"
திரும்பாமலே கேட்கிறார் மேயர்.
என்னால் பதில் சொல்ல முடியாது,
பல்லிடுக்கில் ஊக்கு.